கதவுக் கோடு மறையாமல் ஒரு சின்னக் காருக்குப் பெயிண்ட் அடிப்பது எப்படி?

முதன்முதலாக நான் பெயிண்ட் அடித்து முடித்த டைகாஸ்ட் காரை, அதாவது உலோகத்தில் வார்த்த பொம்மைக் காரை, மகளிடம் நீட்டினேன். அடர் நீலம், முகம் தெரிகிற பளபளப்பு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் அதை ஒரு சுற்று திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுக்குள்ள எப்படி ஏறுவாங்க?" என்றாள். ஏன் கேட்கிறாய் என்றேன். "கதவே இல்லையே!"

வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. கதவைச் சுற்றி ஓடுகிற கோடு, பானெட்டின் விளிம்பு, பெட்ரோல் மூடியின் குட்டி வட்டம் எல்லாம் பெயிண்டுக்குள் முழுகிப் போயிருந்தன. பாதி கரைந்த சோப்புக் கட்டிக்குச் சக்கரம் மாட்டியது போல இருந்தது.

எனக்குப் பல் லேபில் வேலை. பல்லுக்குப் போடுகிற கேப் செய்வது பிழைப்பு. கேப்பின் கனத்தை அளக்க வளைந்த மூக்குள்ள ஒரு சின்னக் காலிபர் எங்களிடம் உண்டு. அன்று சந்தேகம் வந்து, அந்தக் காலிபரைக் காரின் கூரையில் வைத்து அளந்தேன். 1.4 மி.மீ. பெயிண்ட் முழுவதையும் உரித்துவிட்டு அதே இடத்தில் அளந்தால் 1.2. ஆக, கம்பெனி பெயிண்ட், அதன் மேல் என் பிரைமர் (அடிப்பூச்சு), நீலம், கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) எல்லாமாகச் சேர்ந்து 0.2 மி.மீ. கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும். ஆனால் அது 1:64 அளவுக் கார். 0.2-ஐ 64-ஆல் பெருக்குங்கள். நிஜக் காராக இருந்தால் 12.8 மி.மீ., அதாவது அரை அங்குலப் பெயிண்ட். தெருவில் ஓடும் காரில் எல்லாப் பூச்சும் சேர்ந்தே பொதுவாக 0.1 முதல் 0.15 மி.மீ. வரைதான் இருக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. என் காரில் கதவுக் கோட்டின் அகலம் 0.3 மி.மீ. போல இருந்தது. பெயிண்ட் கோட்டின் இரண்டு சுவரிலும் படியும். ஒரு பக்கம் 0.1 ஏறினாலே கோட்டில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். அன்றிலிருந்து இந்த வேலையில் எனக்கு ஒரே எதிரிதான், கனம். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதை ஒவ்வொரு இடத்திலும் எப்படிக் குறைப்பது என்பதைப் பற்றித்தான்.

எந்தக் காரில் ஆரம்பிப்பது

ஏழு சென்டிமீட்டர் நீளமுள்ள சாதாரண 1:64 கார் போதும். ஹாட் வீல்ஸ், மேட்ச்பாக்ஸ், டொமிகா, மஜொரெட் எதுவானாலும் பரவாயில்லை. பெட்டிக்குள் அடங்குவதற்காகக் கொஞ்சம் முன்னே பின்னே செய்திருப்பார்கள், அளவு அச்சு அசலாக 64-இல் ஒரு பங்கு இருக்காது. விளையாடி விளையாடிப் பெயிண்ட் பெயர்ந்த காராக இருந்தால் இன்னும் நல்லது, கை நடுங்காது. 1960களின் பழைய கார் ஒன்று வீட்டு அலமாரியில் கிடைத்தால் அதன் மேல் மட்டும் கை வைக்காதீர்கள். சேகரிப்பவர்களுக்கு அதன் கீறல் விழுந்த பழைய பெயிண்ட்தான் மதிப்பு. பெயிண்டுக்கு அடியில் உலோகமே வெடித்துப் பொரிந்திருந்தால், வார்ப்பில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்ததால் வந்த நோய் அது. மேலே என்ன பூசினாலும் நிற்காது.

உடம்பு ஜமாக் என்கிற உலோகக் கலவையில் வார்த்தது. பெரும்பகுதி துத்தநாகம், சுமார் 4 சதவீதம் அலுமினியம், கொஞ்சம் மெக்னீசியம், செம்பு. இந்த நான்கின் ஜெர்மன் பெயர்களுடைய முதலெழுத்துகள் சேர்ந்ததுதான் அந்தப் பெயர். இது மிருதுவான உலோகம். சீக்கிரம் துளை விழும், சீக்கிரம் கீறும். அந்த மிருதுத்தன்மை ஒரு இடத்தில் நம்மைக் காப்பாற்றும், இன்னொரு இடத்தில் கவிழ்க்கும்.

திறப்பது

காரைக் கவிழ்த்தால் முன்னும் பின்னுமாக இரண்டு ரிவெட் தலைகள் தெரியும். உடம்பிலிருந்து கீழே இறங்கும் தூண்களின் நுனியை நசுக்கி அடித்தட்டைப் பிடிக்க வைத்திருக்கிறார்கள். அந்த நசுங்கிய தலையை மட்டும் எடுத்தால் போதும், தூண் நமக்கு வேண்டும்.

முதலில் சென்டர் பஞ்சால் தலையின் நட்டநடுவில் ஒரு குழி போடுங்கள். இதைச் செய்யாமல் டிரில்லை வைத்தால் பிட் வழுக்கிப் போய் அடித்தட்டைக் கிழிக்கும். அப்புறம் 3 மி.மீ. பிட். வேகம் குறைவாக இருக்கட்டும். நான் லேபில் பழகிய கையோடு அதிவேக ஹேண்ட்பீஸை வைத்து ஆரம்பித்தேன். துத்தநாகம் சூடாகி பிட்டின் பள்ளமெல்லாம் அப்பிக்கொண்டது, துளை விழவேயில்லை. மெதுவாகச் சுற்றினால் வெள்ளிச் சுருளாக அழகாக வரும். கொஞ்ச நேரத்தில் ரிவெட் தலையின் ஓரம் ஒரு மெல்லிய வளையமாகக் கழன்று பிட்டோடு சேர்ந்து சுற்றும். அந்த நொடியே நிறுத்துங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். அந்தத் தூள் பறக்கும்.

இரண்டு தலையும் போனதும் அடித்தட்டு, உட்புற சீட், ஜன்னல் கண்ணாடி, சக்கரங்கள் எல்லாம் தனித்தனியாக வந்துவிடும். எது எந்தத் திசையில் இருந்தது என்று உடனே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் கண்ணாடியில் முன் எது பின் எது என்று அரை மணி நேரம் முழித்தவன் சொல்கிறேன்.

இப்போதே தூணில் மரை வெட்டிவிடுவது நல்லது. பெயிண்டுக்குப் பிறகு டிரில் பிடிக்கத் துணிச்சல் வராது. M2 திருகுக்கு (2 மி.மீ. விட்டமுள்ளது) 1.6 மி.மீ. துளை. ஆழம் 5 மி.மீ. போதும். பிட்டின் நுனியிலிருந்து 5 மி.மீ. தள்ளி ஒரு துண்டு டேப்பைக் கொடி போலச் சுற்றிவிடுங்கள். கொடி தூணைத் தொட்டால் துளைப்பதை நிறுத்த வேண்டும். இந்தக் கொடி இல்லாமல் துளைத்த என் மூன்றாவது காரில் பிட் பானெட்டின் மேல்பக்கம் எட்டிப் பார்த்தது. உயரம் குறைவான காராக இருந்தால் தூணை முதலில் அளந்து, கொடியை இன்னும் கீழே இறக்குங்கள். மரை வெட்டும் கருவியில் (அதற்கும் டேப் என்றுதான் பெயர்) ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று போக வேண்டும். மிருதுவான உலோகம் என்பதால் கையாலேயே வெட்டிவிடலாம், ஆனால் சாய்ந்தால் மரை பிய்ந்துவிடும்.

இந்த மரை காரை மூடுவதற்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 20 மி.மீ. நீள M2 திருகு ஒன்றை மரக்குச்சியின் நுனியில் பசை வைத்து நட்டுவிட்டு, அதைத் தூணில் முடுக்கினால் பெயிண்ட் அடிக்கக் கைப்பிடி தயார். உடம்பை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்க்கலாம், விரல் படவே படாது.

உரிப்பது

பழைய பெயிண்டின் மேலேயே அடித்தால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். கனம் என்பதுதான் பதில். கம்பெனிப் பூச்சு ஏற்கெனவே ஒரு பங்கைத் தின்றிருக்கும்.

நான் அசிட்டோனில் போடுகிறேன். மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் வெறும் உலோக உடம்பை மட்டும் முழுக்கி ஒரு ராத்திரி விட்டால், பெரும்பாலான பெயிண்ட் காலையில் சுருங்கி, பாம்புச் சட்டை போலக் கழன்று மிதக்கும். சில பெயிண்டுகள் அசையாது. அவற்றுக்கு ஜெல் வகை பெயிண்ட் ரிமூவர்தான். பூசிச் சில நிமிடத்தில் கொப்புளம் கிளம்பும். பிளாஸ்டிக் பாகம் ஒன்றுகூட அசிட்டோன் பக்கம் போகக் கூடாது. ஜன்னல் கண்ணாடி ஒரு சொட்டு பட்டாலே வெளுத்துவிடும். தீ, மின்பொறி எதுவும் கிட்டே வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். மெல்லிய நைட்ரைல் கையுறை அசிட்டோனில் நெடுநேரம் தாங்காது என்பதால் உடம்பை இடுக்கியால் எடுக்கிறேன்.

அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடாவில் போடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். காஸ்டிக் சோடா துத்தநாகத்தோடும் அலுமினியத்தோடும் வினை புரிந்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். உடம்பு கருத்துப்போய் அம்மைத் தழும்பு போலக் குழி விழும். எனக்கு வேண்டாம்.

உரித்த பின் பழைய டூத் பிரஷ்ஷும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். இப்போது சாம்பல் நிற வெற்றுடம்பு கையில் இருக்கும். விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தால், வார்க்கும்போது அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய வரப்பு ஓடுவது தெரியும், பெரும்பாலும் பம்பரிலும் கூரைத் தூண்களிலும். சின்ன அரத்தால் அதைத் தட்டையாக்கி, 400, 600, 1000 என்று நீர்விட்டு உப்புத்தாள் போடுங்கள்.

கோட்டை ஆழப்படுத்துவது

என்னைக் கேட்டால் முழு வேலையிலும் இதுதான் முக்கியமான படி. பலர் இதைச் செய்வதே இல்லை.

ஒரு தையல் ஊசியைப் 'பின் வைஸ்' என்கிற சின்னக் கைப்பிடியில் பிடித்துக்கொள்ளுங்கள். கதவுக் கோட்டின் மேல் முனையில் ஊசியை வைத்து, எடையே கொடுக்காமல், உங்களை நோக்கி இழுங்கள். தள்ளக் கூடாது. முதல் இழுப்பில் ஒன்றும் நடந்தது போலத் தெரியாது. ஊசி கோட்டுக்குள் உட்காருகிறதா என்று பார்க்கத்தான் அது. இரண்டாவது, மூன்றாவது இழுப்பில் கோட்டின் அடியில் புது உலோகம் ஒரு வெள்ளிக் கம்பி போல மின்னும். நாலைந்து இழுப்புக்குப் பிறகு ஊசி தானாகவே தடம் பிடித்து ஓடும், அந்தச் சரசரப்பு விரலில் தெரியும். மூலை திரும்பும்போது நிறுத்தி, காரைத் திருப்பி, மூலையிலிருந்து வெளியே இழுங்கள். அவசரப்பட்டு ஒரே மூச்சில் மூலையைத் திருப்ப முயன்றால் ஊசி நேராகப் பாய்ந்து பின்பக்க மட்கார்டில் ஒரு கோடு போட்டுவிடும். அப்படி விழுந்தால் எபாக்ஸி பட்டி கொஞ்சம் தடவி, காய்ந்ததும் தேய்த்துவிடலாம். என் கார்களில் பாதிக்கு அந்தத் தழும்பு உண்டு.

கோட்டை அகலமாக்க வேண்டாம், ஆழம் கூடினால் போதும். ஆழமான கோட்டுக்குள் நிழல் விழும், பெயிண்டுக்குப் பிறகும் அந்த நிழல் நிற்கும். கிரில் பட்டை, பானெட்டின் காற்றுத் துளை, பின்விளக்கின் ஓரம் எல்லாவற்றுக்கும் இதே ஊசிதான்.

பிரைமர்

துத்தநாகத்தில் சாதாரணப் பெயிண்ட் சரியாக ஒட்டாது. நேரே அடித்தால் நகத்தால் சீவி எடுத்துவிடலாம். உலோகத்துக்கான பிரைமர் ஒன்று வேண்டும். அதற்கு முன் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்துவிட்டு, குச்சியில் மாட்டியதும் உடம்பைத் தொடுவதை மறந்துவிடுங்கள். விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் விலகி மீன் கண் போல வட்டம் வட்டமாக நிற்கும்.

மிஸ்டர் சர்ஃபேசர் போன்ற பிரைமர்களில் 1000, 1200, 1500 என்று எண் இருக்கும். எண் கூடக்கூட நைஸாக இருக்கும். சின்னக் காருக்கு 1500. உலோகத்தின் நிறம் லேசாக மங்கினால் போதும், முழுவதும் மறைக்க வேண்டியதில்லை. பிரைமரின் வேலை பிடிப்பு கொடுப்பது. நிறத்தை மறைக்க அதை நம்பினால் அங்கேயே கனம் ஏறிவிடும். மஞ்சள், சிவப்பு அடிக்கப் போகிறீர்கள் என்றால் வெள்ளை பிரைமர் எடுங்கள். சாம்பலின் மேல் மஞ்சள் ஆறு கோட் கேட்கும், வெள்ளையின் மேல் மூன்றில் முடியும். அடியில் என்ன நிறம் இருக்கிறது என்பது மேலே தெரியும் என்பதைப் பல் வேலையில் தினமும் பார்க்கிறேன். கறுத்துப் போன பல்லின் மேல் மெல்லிய கேப் போட்டால் அந்தக் கறுப்பு கேப்பைத் தாண்டி எட்டிப் பார்க்கும்.

நிறம்

ஸ்ப்ரே கேன் போதுமா, ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் பேனா போன்ற கருவி) வேண்டுமா? கேனில் ஆரம்பிக்கலாம், தப்பில்லை. ஆனால் கேன் ஒரே அழுத்தத்தில் நிறைய பெயிண்டைக் கொட்டும். கனம் குறைய வேண்டுமானால் கடைசியில் ஏர்பிரஷ்ஷுக்குத்தான் வந்து சேருவீர்கள். 0.3 மி.மீ. நாசில், 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம். லேக்கர் (சீக்கிரம் காயும் வகை) பெயிண்டை ஒரு பங்குக்கு ஒன்றரைப் பங்கு தின்னர் கலந்து பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கோப்பையின் சுவரில் குச்சியால் தொட்டால், வழிந்து இறங்கி மெல்லிய திரையை விட்டுப் போக வேண்டும்.

கேன் என்றால், அடிக்குமுன் சுமார் 40 டிகிரி வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். பெயிண்ட் இளகி, துளி நைஸாக விழும். கொதிக்கும் நீரும் அடுப்பும் கூடவே கூடாது. 50 டிகிரியைத் தாண்டினால் கேன் வெடிக்கலாம் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும்.

இருபது சென்டிமீட்டர் தள்ளி, காருக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, காரைக் கடந்து போய் விடுங்கள். காரின் மேல் கை நிற்கவே கூடாது. முதலில் மறைவிடங்கள், அதாவது சக்கர வளைவின் உட்புறம், கதவுக்குக் கீழ் ஓரம், ஜன்னல் தூண்கள். அப்புறம் பக்கவாட்டு, கடைசியாகப் பானெட்டும் கூரையும். மறைவிடத்தைக் கடைசிக்கு வைத்தால், அங்கே நிறம் ஏற்றுவதற்காக ஏற்கெனவே நன்றாக வந்த கதவின் மேலும் சேர்த்து அடிப்பீர்கள். என் நீலக் காரின் கதவு போனது அப்படித்தான்.

முதல் கோட் தூசி படிந்தது போல இருக்கட்டும். பிரைமர் முழுக்கத் தெரியும், பதறாதீர்கள். பத்து நிமிடம். இரண்டாவது பூச்சில் நிறம் வரும், ஆனால் சொரசொரப்பாக இருக்கும். மறுபடி பத்து நிமிடம். மூன்றாவதை மட்டும் கொஞ்சம் ஈரமாக, விளக்கொளியில் மேற்பரப்பு நனைந்து மின்னுகிற அளவுக்கு அடியுங்கள். நாலாவதுக்குக் கை துறுதுறுக்கும். அங்கே நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுங்கள்.

நிறம் சரியா என்று டேபிள் விளக்கில் முடிவு செய்யாதீர்கள். ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். லேபில் பல்லின் நிறம் பொருத்துவதும் பகலில்தான். விளக்குக்கு அடியில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு வெள்ளை, வெயிலில் ஒன்று மஞ்சளாகவும் மற்றது நீலம் பாய்ந்தும் நிற்கும்.

மெட்டாலிக் பெயிண்ட் வாங்கும்போது துகள் எவ்வளவு நைஸ் என்று பாருங்கள். நிஜக் காருக்கான பெயிண்டில் 30 மைக்ரான் துகள் இருந்தால், இந்த அளவில் அது 2 மி.மீ. சரிகைத் துண்டு மாதிரி. கார் கொலு பொம்மை போல ஆகிவிடும்.

மழை நாளில் அடிக்காதீர்கள். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும், காற்றின் ஈரம் அதில் படிந்து பெயிண்ட் பால் கலந்தது போல வெளுக்கும். கறுப்பில் அது அப்பட்டமாகத் தெரியும். அப்படி ஆகிவிட்டால் உடனே உரிக்க வேண்டாம். வறண்ட நாள் ஒன்றில், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மட்டும் மெல்லிய மூட்டமாக மேலே விட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

மூக்குக்குத் துணி முகமூடி பிரயோஜனமில்லை. அது துகளை ஓரளவு தடுக்கும், ஆவியை விட்டுவிடும். கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி வேண்டும்.

பிரைமரே இல்லாமல்

இவ்வளவு கனம் கனம் என்று புலம்புகிறானே, இதைவிட மெல்லியதாக வழியே இல்லையா என்றால், உண்டு. 1968-இல் ஹாட் வீல்ஸ் முதன்முதலாக வந்தபோது ஸ்பெக்ட்ராஃபிளேம் என்று ஒரு பூச்சு கொடுத்தார்கள். மெருகேற்றிய வெற்று உலோகம், அதன் மேல் ஊடுருவித் தெரியும் நிறம், அவ்வளவுதான். உலோகமே வெள்ளி மெட்டாலிக்காக வேலை செய்கிறது.

வீட்டில் செய்ய, உரித்த உடம்பை 2000 வரை உப்புத்தாள் போட்டு, மெட்டல் பாலிஷ் கிரீமால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுங்கள். தோள் வலிக்கும். அப்புறம் சோப்பு, ஆல்கஹால் இரண்டாலும் கிரீமின் சுவடே இல்லாமல் கழுவிவிட்டு, தமியாவின் எக்ஸ்-27 கிளியர் ரெட் போன்ற கண்ணாடி நிறத்தை ஏர்பிரஷ்ஷில் மெல்ல மெல்ல ஏற்றுங்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் நிறம் கறுத்துக்கொண்டே போகும். ஒரு பக்கம் ஒரு கோட் கூடினாலும் பளிச்சென்று தெரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு பக்கமும் எத்தனை முறை போனோம் என்று நான் விரல்விட்டு எண்ணிக்கொள்கிறேன். பிடிப்பு பிரைமர் அளவுக்கு இருக்காது. குழந்தைகள் உருட்டி விளையாடும் காருக்கு வேண்டாம், அலமாரிக்கு அருமை.

கோடு, எண், கிளியர்

இரண்டு நிறம் வேண்டுமென்றால், முதல் நிறம் காய்ந்துவிட்டதா என்று மூக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். வாசனை வந்தால் இன்னும் காயவில்லை. லேக்கர் ஒரு நாளில் வாசனை விடும், எனாமல் ஒரு வாரம்கூட எடுக்கும். எனாமலின் மேல் லேக்கர் அடித்தால் அடியிலுள்ளது சுருங்கிக்கொள்ளும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். லேக்கர் எப்போதும் அடியில்.

முதல் நிறம் தெரிய வேண்டிய இடத்தை டேப்பால் மூடி, டேப்பின் ஓரத்தை மரக்குச்சியால் அழுத்தி, முதலில் அடியிலுள்ள அதே நிறத்தை ஓரத்தில் மெல்ல ஒரு தடவை விடுங்கள். கசிந்தால் அதே நிறம்தான் கசியும், ஓட்டையும் அடைபடும். அப்புறம் இரண்டாவது நிறம். அது முழுக்கக் காய்வதற்கு முன்பே டேப்பை அதன் மேலேயே மடித்து, தரையோடு தரையாக இழுங்கள். மேலே தூக்கி இழுத்தால் ஓரம் பிய்ந்து வரப்பு கட்டும்.

டீக்கல் (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய ஸ்டிக்கர்) ஒட்டும் பரப்பு பளபளப்பாக இருக்க வேண்டும். மங்கலான பரப்பின் குழிகளில் காற்று மாட்டிக்கொண்டு டீக்கலுக்கு அடியில் வெள்ளியாக மின்னும். டீக்கலை எண்ணின் விளிம்பை ஒட்டிக் கத்தரித்து, வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் போட்டு, காகிதத்திலிருந்து வழுக்கி இறக்குங்கள். கதவுக் கோட்டின் மேல் டீக்கல் வந்தால் மைக்ரோ சோல் என்கிற, டீக்கலை இளக்கும் திரவம் ஒரு சொட்டு. டீக்கல் சுருங்கிப் போய்ப் பயமுறுத்தும், தொடாமல் விட்டால் காயும்போது கோட்டுக்குள் படிந்து உட்கார்ந்துவிடும்.

கிளியரை முதல் இரண்டு தடவை மூட்டமாக மட்டும் விடுங்கள், ஈரமாக அடித்தால் டீக்கல் சுருளும். இரண்டு பாகம் கலக்கும் யூரித்தேன் கிளியர் கண்ணாடி போல வரும் என்பது உண்மை. அதன் கடினப்படுத்தியில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்குப் பொல்லாதது. நான் வீட்டில் அடிப்பதில்லை, ஒரு பாக லேக்கர் கிளியரோடு சரி. ஆரஞ்சுத் தோல் போல வந்தால் ஒரு வாரம் காயவிட்டு 3000 உப்புத்தாளும் பாலிஷும். விளிம்புகளில் மட்டும் தேய்க்காதீர்கள், பூச்சு அங்கேதான் மிக மெல்லியது, இரண்டு தேய்ப்பில் உலோகம் தெரிந்துவிடும்.

கதவுக் கோட்டில் நிழல் இன்னும் வேண்டுமானால், தண்ணீராக இளக்கிய எனாமலைத் தூரிகை நுனியால் தொட்டால் கோட்டோடு ஓடும். சிவப்பு, மஞ்சள் காரில் கறுப்பு விடாதீர்கள், பேனாவால் வரைந்தது போல இருக்கும். அடர் பழுப்பு போதும். பம்பர், கிரில்லுக்குக் குரோம் மார்க்கர். அதைக் கிளியருக்குப் பிறகு போடுங்கள், அதன் மேல் கிளியர் பட்டால் சாம்பலாகிவிடும்.

மூடுவது

எல்லாம் முடிந்து அடித்தட்டை வைத்தால் உட்காராது. பெயிண்ட் ஏறிய விளிம்பு இடிக்கும். அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வரும், ஓரம் பெயர்ந்துவிட்டது என்று அர்த்தம். உடம்பும் அடித்தட்டும் சந்திக்கும் உள் விளிம்பைக் கத்தி நுனியால் உலோகம் வரை முன்கூட்டியே சுரண்டிவிடுங்கள். ஜன்னல் கண்ணாடியில் கீறல் இருந்தால் அதே பாலிஷால் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். M2 திருகு 4 மி.மீ. நீளம் போதும், விரலால் முறுக்கும் அளவுக்கு இறுகினால் சரி. காரை மேசையில் வைத்து உருட்டுங்கள். சக்கரம் நின்றால் திருகைக் கால் சுற்று தளர்த்துங்கள்.

ஒரு விஷயம். கம்பெனியின் அனுமதி இல்லாமல் மாற்றிய காரைச் சேகரிப்பவர்கள் 'கோட் 3' (Code 3) என்பார்கள். நன்றாக அடித்த கார் நாலு கை மாறினால் அரிய கம்பெனி நிறம் என்று யாராவது யாரையாவது ஏமாற்றக்கூடும். அதனால் ஒவ்வொரு காரின் அடித்தட்டின் உட்புறத்திலும் அதே ஊசியால் தேதியும், நான் அடித்தது என்பதற்கு ஒரு எழுத்தும், கூரையின் கனமும் கீறி வைக்கிறேன். போன மாதம் முடித்த பச்சைக் காரில் இருப்பது 1.3.